ராசி டின்னும் உன் இடது கையும்

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் நலமாக இல்லை என்று உனக்கும் தெரியும். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். ரவிக்கை அளவு எழுதியே பழகிய கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இதோடு மூன்று தாள்கள் வைத்திருக்கிறேன். மூன்றும் நீ சுட்டுப் பழகுவாயே, அந்தக் குறித்தாள்கள்தான். பார்த்தவுடன் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு அவற்றை எடு. அதற்குப் பிறகும் கிழிக்கத் தோன்றினால் கிழித்துக்கொள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்பேன்தான், ஆனால் திட்ட மாட்டேன்.

உன் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம், ஐயர், சாப்பாடு, மேளம் எல்லாம் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் கிடப்பது நீ ஒருவன்தான். அவளுக்கு நீ அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினாள். வாழ்த்துகள் என்று போட்டுவிட்டு, "நான் வரல, தப்பா எடுத்துக்காத. பொரி போட வேற யாரையாவது வெச்சுக்குங்க" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு என் கடையில் துணி மாற்றிப் பார்க்கும் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதாள். வாசலில் ரவிக்கை வாங்க வந்த அம்மாள் ஒருத்தி நிற்கிறாள், உள்ளே கல்யாணப் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள், நடுவில் நான். அக்கினிக்கு முன்னால் நின்று, பெண்ணின் இரண்டு கையிலும் அண்ணன்காரன் தன் இரண்டு கையாலும் பொரி அள்ளிப் போடுகிற சடங்கு அது. ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த ஒரு நிமிடம் மண்டபம் முழுக்க உன் கையைத்தான் பார்க்கும் என்று நீ நினைக்கிறாய். பார்க்கும்தான். நான் பொய் சொல்ல வரவில்லை.

நீ இப்படி ஆனது ஆலையில் இடது கை நசுங்கிய அன்றைக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட நீ சிரித்தாய். கட்டுப் பிரித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிச்சம் என்று பார்த்தபோது, "பரவாயில்லம்மா, போன் பிடிக்க இது போதும்" என்றாய். நான்தான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகும் எல்லைப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் அறை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூரில் அதே கம்பெனி கொடுத்த ஸ்டோர் வேலைக்குப் போய் வந்தாய். நீ உடைந்தது துப்பாக்கி சுடும் கிளப்பில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில். நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் ராசி என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நம் சொந்தக்காரர்கள் உனக்குக் கைராசிக்காரன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். யாராவது புதுக் கார் வாங்கினால் முதலில் சாவி போட நீ. என் கடையைத் திறந்த அன்று புதுத் தையல் மெஷினில் முதல் தையல் போட்டதும் நீதான், அந்தத் தையல் எவ்வளவு கேவலமாக இருந்தது என்பது வேறு கதை. உன் மாமா குளுவாங் மார்க்கெட்டில் மீன் வாங்க வந்தால்கூட உன்னைக் கூப்பிட்டு லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லச் சொல்வார். ஒரே ஒரு முறை விழுந்தது, அதுவும் கடைசிப் பரிசு. அதை வைத்துக்கொண்டே வருஷக்கணக்காக உன்னைத் தொந்தரவு செய்தார். நீ துப்பாக்கி சுடப் போய் மாநில அளவில் மெடல் வாங்கி வந்ததும் இவர்களைப் பிடிக்கவே முடியவில்லை. நீ விடியற்காலையில் எழுந்து போய், மூச்சை அடக்கி அடக்கிப் பழகியதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. கைராசி என்றார்கள், முடிந்தது. அப்போது எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. நானும்தான் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும், உன் குண்டுகளைப் பொறுக்குவது என் வேலையாக இருந்தது. குண்டு ஒன்றும் கிளப்பை விட்டு வெளியே போகக் கூடாது, துப்பாக்கியும் அவர்கள் லைசன்ஸில் அவர்கள் அலமாரியில்தான் இருக்கும் என்பதால், நான் என் தையல் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூலாய் பக்கம் வரை உன்னோடு பஸ்ஸில் வருவேன். பின்பக்கத்துப் பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பேன். அந்தச் சின்ன ஈயக் குண்டுக்கு இடுப்பு உண்டு, கீழே விரிந்த விளிம்பு உண்டு. கோச் காசிம் அதை ஸ்கர்ட் என்பார். நான் பாவாடை என்பேன். பாவாடை ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் குண்டு நேராகப் போகாது, ஒதுக்கிவிடு என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். ஒருமுறை அவசரத்தில் சாப்பாட்டு டப்பா மூடியில் கொட்டிப் பொறுக்கியதற்கு, "ஈயம்மா, வயித்துக்குள்ள போனா விஷம்மா" என்று நீ என்னைப் பார்த்துக் கத்தியது கிளப்புக்கே கேட்டது. அந்த மூடியை நீயே குப்பையில் போட்டாய். நல்ல மூடி அது.

நீ மெடல் வாங்கியது தட்டைத் தலைக் குண்டில். லேசான, மென்மையான ஈயம், பாவாடை மெல்லியது, தாளில் பட்டால் கத்தரித்தது மாதிரி வட்டமாக ஓட்டை விழும். அந்த வருடத்து டின்களில் இரண்டு மிச்சமிருந்தன. அவற்றை நான் கோச்சின் அலமாரியில் பத்திரமாக வைக்கச் சொல்லி, மூடியில் குங்குமப் பொட்டும் வைத்தேன். கோச் பார்த்துவிட்டு, இது என்ன புதுக் கம்பெனி முத்திரையா அக்கா என்று கேட்டார். ராசியான டின் என்றேன். அந்த மனுஷன் சிரித்துவிட்டு அப்படியே வைத்தார்.

விபத்துக்குப் பிறகு உன்னைத் திரும்பக் கிளப்புக்கு அழைத்தது அவர்தான். பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் நெம்புகோலை இழுத்துத் திறந்து, கடுகை எடுப்பது போலக் குண்டை எடுத்துக் குழலில் வைக்க வேண்டும். வலது கை அசையாமல் பிடித்திருக்க, இடது கைதான் அதைச் செய்யும் என்பது உன் பழக்கம். மிச்சமிருக்கிற இரண்டு விரலில் அந்த நுணுக்கம் இல்லை, அது இனி முடியாது. அதனால் தகட்டைச் சுட்டு விழவைக்கும் போட்டிக்காக கிளப்பில் கிடந்த செமி-ஆட்டோ காற்றுத் துப்பாக்கியைத் துடைத்து எடுத்து வைத்தார். மேகசினில் முன்னாலேயே குண்டுகளை அடுக்கிவிட்டால் போதும். ஒரு தடவை விசையை அழுத்தினால் சுடும், அதே காற்று அடுத்த குண்டைத் தானே தள்ளிக் குழலில் சொருகும். உன் இடது கை சும்மா தாங்கினால் போதும். மிச்சமிருக்கிற உள்ளங்கையில் தாராளமாகத் தாங்கலாம் என்று உனக்கு அளவெடுத்து ஒரு மெத்தைகூடச் செய்யச் சொன்னார். அதைத் தைத்தது நான். கறுப்புத் துணி, உள்ளே பஞ்சு, மூன்று அடுக்குத் தையல். நான் இதுவரை எடுத்த அளவுகளிலேயே கஷ்டமான அளவு அதுதான்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அன்று காலை கோச் வேறு ஏதோ டின்களை எடுத்து மேசையில் வைத்தார். இந்தத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு ஒத்துவரும் என்று முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மாதத்துக்குப் பிறகு பிள்ளை கையில் துப்பாக்கி பிடிக்கிறான், முதல் குண்டு எதுவாக இருக்க வேண்டும்? ராசி டின் இருக்கும்போது கண்ட டின்னை எதற்குத் திறப்பது? நானே அலமாரியைத் திறக்கச் சொல்லி, பொட்டு வைத்த டின்னை எடுத்துக் கொடுத்தேன். இது தட்டைத் தலை, மேகசினுக்கு அவ்வளவாகச் சரிப்படாது என்று அவர் இழுத்தார். நான் கேட்கவில்லை. நீயோ, "எதையாவது போடுங்க" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பெற்றவள் ஆசைப்படுகிறாள் என்று அவர் விட்டுக்கொடுத்தார். குண்டுகளை மேகசினில் அடுக்கியது என் விரல்கள்தான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தாளில் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று கறுப்பு வட்டத்துக்கே வெளியே. இரண்டாவது தாளும் அப்படியே. கோச் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீ கையைக் காட்டி நிறுத்தினாய். துப்பாக்கியை அவ்வளவு மெதுவாகக் கீழே வைத்தாய். நீ அதைத் தூக்கி எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. என் பக்கம் திரும்பி நீ சொன்னது இன்றுவரை என் காதில் கிடக்கிறது.

"குண்டு அதே குண்டும்மா. கண்ணு அதே கண்ணு. மாறினது கை மட்டும்தான். போதும், விட்டுருங்க."

அதோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்தான். வீட்டுக்கு வரவில்லை. பிறகு வேலையையும் விட்டுவிட்டாய் என்று உன்னோடு தங்கியிருக்கும் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அவனிடம் கோபப்படாதே, நான்தான் அவனைத் துளைத்து எடுத்தேன். நாள் முழுக்க அறையில் விளக்குப் போடாமல் படுத்திருக்கிறாயாம். வாங்கி வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறதாம். பேசினால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாயாம். நான் வந்து கதவைத் தட்டியபோது உள்ளிருந்து, "அம்மா, ப்ளீஸ், போங்க" என்றாய். நான் உன் கதவுக்கு வெளியே, யாரோ வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கொண்டு வந்த சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன்னால் இரண்டு தடவை பெயரைப் பார்க்கிறேன். யாரோ ஏதோ சொல்லப் போகிறார்கள் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. உன்னை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியாமல் கோயிலுக்குப் போனேன், மனநலக் கவுன்சிலர் ஒருவரைப் பார்த்தேன், உன் மாமாவிடம்கூட அழுதேன். கவுன்சிலர் நல்லவர், அவர் நம்பரை மூன்றாவது தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த நம்பரில் நாலு நம்பர் எடுக்கலாமா என்று மாமா கேட்டார், அவரை என்ன செய்வது.

இப்படி இருக்கும்போது போன வாரம் கடையில் ஒரு பெண் ரப்பர் மாதிரி இழுபடும் துணியைக் கொண்டு வந்து, அங்கேயே உட்கார்ந்து தைத்து வாங்கிப் போகிறேன் என்றாள். மெஷினில் வைத்தேன், தையல் விட்டு விட்டு விழுந்தது. நூல் அதே நூல், நான் அதே நான், மெஷினும் காலையில் பட்டுக்கு அழகாகத் தைத்த மெஷின். எந்த யோசனையும் இல்லாமல் ஊசியைக் கழற்றிவிட்டு, நுனி உருண்டையாக இருக்கும் ஊசியை மாட்டினேன். இழுபடும் துணிக்கு அதுதான். தையல் நேராக ஓடியது. நாலு விரல் நீளம் தைத்திருப்பேன், மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் என்னக்கா ஆச்சு என்று கேட்கிறாள், நான் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊசி மாற்ற ஒரு நொடிகூட யோசிக்காத நான், உன் விஷயத்தில் ராசி ராசி என்று நின்றிருக்கிறேன். நீ சொன்ன கணக்கில் ஒரு ஓட்டை இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. மாறியது கை மட்டும் இல்லை தம்பி. துப்பாக்கியும் மாறியது. அதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளப்புக்குப் போனேன். கோச்சிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், நீ கையைக் காட்டியதும் விட்டுவிட்டேன், போன் செய்தால் நீ எடுப்பதில்லை என்றார். அந்தச் செமி-ஆட்டோவை எடுத்து, கனத்த பெஞ்சில் இரும்புக் கிடுக்கியில் ரப்பர் வைத்து இறுக்கினார். முன்னாலும் பின்னாலும் மணல் பை. நான் ஆட்டிப் பார்த்தேன், அசையவே இல்லை. பிறகு என் ராசி டின்னைத் திறந்து மேகசினில் அடுக்கினார். விசையை மட்டும் ஒரு விரலால் தொட்டார். யார் கையும் அந்தத் துப்பாக்கியைத் தாங்கவில்லை, யார் தோளும் அதில் படவில்லை. ஒரு மேகசின் முழுக்கச் சுட்டுவிட்டுத் தாளை எடுத்து வந்தார். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று வட்டத்துக்கு வெளியே.

உன் பழைய தாளை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். இரண்டையும் நான் துணி மேல் வெட்டுத்தாள் வைப்பது போல ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டைகள் அங்கங்கே தள்ளி இருந்தன, ஆனால் சிதறிய அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். கோச் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார்.

"புக்கான் தாங்ஙான் டியா, காக்."

அவன் கை இல்லை அக்கா. நான் அந்த இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்று மணல் பையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி என்று அவர் ஒரு குண்டைக் காட்டி விளக்கினார். மேகசினிலிருந்து குழலுக்குள் தள்ளிய பிறகு, சுடாமல் ஒரு குச்சியால் அதைத் திரும்ப வெளியே எடுத்தார். என் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். தட்டைத் தலையின் ஓரம் ஒரு பக்கம் சீவியிருந்தது, பாவாடை நசுங்கியிருந்தது. நீ கையால் வைக்கும்போது பூ வைப்பது போல வைப்பாய். இந்தத் துப்பாக்கி அப்படி இல்லை, முரட்டுத்தனமாக ஒரே குத்தாகக் குத்தித் தள்ளுகிறது. மென்மையான ஈயம், கூரான ஓரம், குழல் வாயில் இடித்து நசுங்கிக் கோணலாகப் போய் உட்காருகிறது. கோணலாக உட்கார்ந்தது கோணலாகத்தான் பறக்கும். நான் பெஞ்சில் உட்கார்ந்து அத்தனை அக்கறையாகப் பொறுக்கி எடுத்த நல்ல குண்டுகளை, இந்த மேகசின் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் அன்று முழுக்க வேறு டின்களைச் சுட்டுப் பார்த்தோம். உனக்குப் பயன்படும் என்று சொல்கிறேன், நீ தெரிந்தவன், நான் தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொள். கூர்த்தலை ஒன்று பார்த்தோம், பெட்டியில் படமெல்லாம் பிரமாதம், தாளில் ராசி டின்னைவிட மோசம். நீளமான கனத்த குண்டு ஒன்று மேகசினுக்குள் அடங்கவே இல்லை, தலை வெளியே நீட்டிக்கொண்டு மேகசினின் உருளையைச் சுற்றவிடாமல் சிக்கியது. இன்னொரு கனமான குண்டு அடங்கியது, ஆனால் தாழ்ந்து விழுந்தது. உருண்டைத் தலை, நடுத்தரக் கனம், பாவாடை கொஞ்சம் தடிப்பு, ஈயம் கொஞ்சம் இறுக்கம் என்று இரண்டு டின் இருந்தன. அதில் ஒன்று சுமார். ஒவ்வொரு டின் மாற்றும்போதும் முதல் கொஞ்சம் குண்டை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய ஈயத்தின் பூச்சு குழலில் இருக்கும், புதிது படிய நேரம் கொடுக்க வேண்டும் என்றார். நான் அவசரக்காரி, முதல் குண்டைப் பார்த்தே முகம் சுருங்கிவிட்டேன். அவர் பொறுங்க அக்கா என்றார். கடைசி டின் சரியாக அமர்ந்தது. அந்தச் சுமாரான குண்டு மாதிரியேதான், தலை மட்டும் ஒரு மயிரிழை பெரியது, மூடியில் அந்த அளவு போட்டிருக்கிறது. கிடுக்கியில் வைத்து ஒரு மேகசின் சுட்டதும் தாளில் ஒரே ஒரு கிழிசல்தான் இருந்தது, என் சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. மற்ற குண்டெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். எல்லாம் அதற்குள்ளேதான் போயிருக்கிறது என்றார்.

எந்த டின் நல்ல டின் என்று கடைக்காரனுக்கும் தெரியாது, பெட்டி மேல் எழுதியவனுக்கும் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. அந்தக் குழல்தான் சொல்ல வேண்டும். இது எனக்கு இத்தனை வயதில் புரிந்திருக்கிறது. அந்தக் குங்குமப் பொட்டை அங்கேயே துடைத்துவிட்டேன். கோச் வேண்டாம் அக்கா, அழகாகத்தானே இருக்கிறது என்றார், நான் கேட்கவில்லை.

என்னையும் சுடச் சொன்னார். பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு, புது டின்னில். அந்தத் தாளை இதில் வைக்கவில்லை. பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவாவது வா.

உனக்கு ஆசை காட்டி ஏமாற்றவும் எனக்கு விருப்பமில்லை. உன் கை முன்போலவே இருக்குமா என்று கோச்சிடம் நேராகக் கேட்டேன். இருக்காது என்றார். கிடுக்கி மாதிரி ஒரு பொத்தானுக்குள் விழாது, தாங்கும் கை பழகக் காலம் பிடிக்கும், சில நாள் நடுங்கும் என்றார். ஆனால் அது எவ்வளவு என்று யாருக்கும் இன்னும் தெரியாது, ஏனென்றால் அந்தக் கைக்கு இதுவரை நியாயமாக ஒரு சோதனைகூட வைக்கவில்லை என்றார். கெட்டுப்போன குண்டை வைத்துக்கொண்டு உன் கையைக் குற்றவாளி ஆக்கிவிட்டோம். அந்தக் குண்டை அடுக்கியவள் நான். அதற்காக நீ என்னைத் திட்டு, வந்து நேரில் திட்டு. அறையில் படுத்துக்கொண்டு உன்னை நீயே திட்டிக்கொண்டிருக்காதே.

உன் அத்தை போன வாரம் வந்திருந்தாள். பொரி போட அவள் கொழுந்தன் மகனை வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தாள். "நல்ல காரியம் பாருங்க அண்ணி, கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். பழைய நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பலகாரத் தட்டை நீட்டியிருப்பேன். உன் அப்பா போன புதிதில், ஒரு கல்யாணத்தில் மஞ்சள் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். யாரோ நைசாக என் கையைத் தள்ளி, நீங்க உட்காருங்க அக்கா என்றார்கள். நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடப் பையன். உன் சேக்காளிகளை எல்லாம் விட்டுவிட்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணம் முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. என் கையைத் தள்ளிவிட்டதும் ராசி என்கிற இதே சொல்தான். அதை நான் உன் துப்பாக்கிக்குள்ளேயும் அடுக்கிவைத்தேனே என்று நினைத்தால் நெஞ்சு எரிகிறது. அத்தைக்கு நான் பதில் சொல்வதற்குள் உன் தங்கை உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"அண்ணன் வரலன்னா வேற யாரும் போட வேணாம் அத்தை. வெறுங்கையோட நான் நெருப்பைச் சுத்திக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிச் சொன்னால் அப்படியே செய்வாள் என்று உனக்குத் தெரியும். உன்னைவிடப் பிடிவாதக்காரி.

தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். முதலாவது நீ சுட்டது. இரண்டாவது யார் கையும் தாங்காமல் அதே குண்டு சுட்டது. மூன்றாவது யார் கையும் தாங்காமல் புதுக் குண்டு சுட்டது. முதல் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். அதற்கு நீ அறையின் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். திற. இந்தக் கடிதத்தில் உன்னிடம் நான் முதலில் கேட்பது அதுதான். அப்புறம் சாப்பிடு. பேச வேண்டும் என்று தோன்றினால் அந்தக் கவுன்சிலரைக் கூப்பிடு, இல்லை என்றால் என்னைக் கூப்பிடு, பேசாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் போதும், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கோச் கிளப்பைத் திறந்து வைத்திருப்பார். நான் பெஞ்சில் இருப்பேன். நீ சுட வேண்டும் என்றுகூட இல்லை, வந்து உட்கார்ந்தால் போதும். நீ வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் போய் உட்கார்வேன். அதற்கு அடுத்ததும்.

கல்யாணத்துக்கு நீ வா. உன் இரண்டு விரலும் உள்ளங்கையும் எவ்வளவு பொரி பிடிக்குமோ அவ்வளவு அள்ளு. மண்டபம் பார்க்கட்டும். அத்தை பார்க்கட்டும். பாதி அவள் கையில் விழட்டும், பாதி தரையில் சிதறட்டும். சிதறினால் பெருக்க நான் இருக்கிறேன். விளக்குமாற்றை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மா